பழைய போலீஸ் ரிவால்வருக்கு வீட்டிலேயே நீலம் ஏற்றுவது எப்படி

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி விற்கிற கடைக்குள் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அடிக்கடி கண்ணில் படுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர். 1899 இல் வேறு பெயரில் வந்தது, 1957 இல்தான் இந்த எண்ணைக் கொடுத்தார்கள், 38 ஸ்பெஷல் தோட்டா, அதை வைக்கச் சிலிண்டரில் ஆறு அறை. பல தலைமுறைப் போலீஸ்காரர்கள் இடுப்பில் கிடந்துவிட்டு, 1980களிலும் 90களிலும் காவல் துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது கொத்துக் கொத்தாகக் கடைக்கு வந்தது. இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை நிறைய சுமக்கப்பட்டவை, குறைவாகச் சுடப்பட்டவை. அதனால் உள்ளே இயந்திரம் கச்சிதமாக இருக்கும், வெளியேதான் அலங்கோலம்: குழல் முனையின் இரு பக்கமும், சிலிண்டரின் முன் விளிம்பும், தோலுறை உரசி உரசி வெள்ளை இரும்பாகத் தெரியும், கைப்பிடிக்குப் பக்கத்தில் வியர்வை பட்ட இடங்களில் பழுப்புத் துரு பிடித்திருக்கும். அப்படி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோல்ட் புளூ, அதாவது குளிர்நீலம், என்று பாட்டிலில் விற்கிற மருந்தை வைத்து வீட்டு மேசையிலேயே அதற்குக் கரிய நீல நிறம் ஏற்றலாம், நன்றாகவே ஏற்றலாம், ஆனால் வேலையின் பெரும்பகுதி அந்த மருந்துப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் சறுக்குவது அங்கேதான்.

முதலில் இந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதிர்பார்ப்பு தப்பாகப் போகும். தொழிற்சாலையில் செய்வது வெந்நீலம். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கவைத்து, துப்பாக்கியின் பாகங்களை அதில் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல்தோல் மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும், அதாவது நிறம் இரும்பிலிருந்தே உண்டாகிறது. கோல்ட் புளூவில் நடப்பது வேறு. அதில் இருப்பது செலினியம் சேர்மமும் தாமிர உப்பும் கொஞ்சம் அமிலமும். அமிலம் இரும்பை லேசாக அரிக்க, தாமிரமும் செலினியமும் சேர்ந்து ஒரு கறுப்புப் படலமாக மேலே படிகிறது. படலம் மெல்லியது, தோலுறையில் தினமும் செருகி எடுத்தால் சில மாதங்களில் விளிம்புகளில் தேயும், துருவைத் தடுக்கும் சக்தியும் தனியாக அதற்குப் பெரிதாகக் கிடையாது. எண்ணெயும் மெழுகும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால், வீட்டில் கொதிக்கும் காஸ்டிக் தொட்டி வைக்காமல் ஒரு பழைய ரிவால்வரைப் பார்க்கும்படி ஆக்க இதைவிட எளிய வழி இல்லை. தேய்ந்த இடத்தில் மறுபடி தடவிக்கொள்ளலாம் என்பது வெந்நீலத்துக்கு இல்லாத வசதி.

எல்லாத் துப்பாக்கிக்கும் இதைச் செய்யக்கூடாது. கையில் இருப்பது கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் மாதிரி, தொழிற்சாலை மெருகுக்காகவே சேகரிப்பாளர்கள் தேடுகிற துப்பாக்கி என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் மூல நிறம் இருக்கும் வரைதான் அதற்கு அந்த விலை. மாடல் 10 இன் முன்னோடியிலேயே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்யப்பட்ட விக்டரி மாடல் உண்டு. வரிசை எண்ணுக்கு முன்னால் வி என்ற ஆங்கில எழுத்து இருக்கும், பளபளப்பில்லாத சாம்பல் பூச்சு இருக்கும். அதைத் தேய்த்து நீலமாக்குவது ஒரு வரலாற்றுச் சின்னத்தை அழிப்பதற்குச் சமம், என் வாதம் இதில் கடுமையானதுதான். சந்தேகமாக இருந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிகல் ஃபவுண்டேஷனிடம் கட்டணம் கட்டி உங்கள் துப்பாக்கியின் பிறப்பு விவரத்தைக் கடிதமாக வாங்கலாம், வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1960, 70களில் வந்த, பாதி நிறம் போன, போலீஸ் முத்திரை குத்திய சாதாரண மாடல் 10 என்றால் தயக்கமே வேண்டாம்.

உலோகத்தையும் பாருங்கள். கோல்ட் புளூ பிடிப்பது சாதாரண எஃகில் மட்டும். துருப்பிடிக்காத எஃகில் செய்த மாடல் 64 இல் இது வேலை செய்யாது, அலுமினிய ஃப்ரேம் கொண்ட மாடல் 12 இல் சிலிண்டருக்கும் குழலுக்கும் பிடிக்கும், ஃப்ரேமுக்குப் பிடிக்காது. நிக்கல் முலாம் பூசியதிலும் பிடிக்காது. ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் அலுமினியம் பிடிபட்டுவிடும், மற்ற இரண்டும் கண்ணுக்கே தெரியும். ஹேமரும் ட்ரிக்கரும் வானவில் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். அது மேற்பரப்பைக் கடினமாக்கும்போது வந்த நிறம், அழகான நிறம். அவற்றைத் தொடாதீர்கள்.

சட்டம் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் உங்களுக்குச் சொந்தமான துப்பாக்கிக்கு நீங்களே நிறம் ஏற்றக் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. மற்றவர்கள் துப்பாக்கியை வாங்கி இதையே தொழிலாகச் செய்தால் தேவை. ஆனால் வரிசை எண் விஷயத்தில் விளையாட்டே கூடாது. எண் அழிந்த, மாற்றப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். மாடல் 10 இல் அது கைப்பிடியின் அடிப்பகுதியில், ஃப்ரேமிலேயே குத்தப்பட்டிருக்கும். நீங்கள் வேண்டுமென்று அழிக்கப் போவதில்லை, ஆனால் துருவைத் துரத்திக்கொண்டே போய் உப்புத்தாளால் அந்த இடத்தை மழுங்கடித்துவிட்டால் விளைவு ஒன்றுதான். அந்த அடிப்பகுதிக்கு உப்புத்தாளே போகக்கூடாது என்று இப்போதே முடிவு செய்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பழுதுபார்ப்பதும் உரிமத்துக்குள் வருகிற விஷயம், அதனால் உரிமம் உள்ள துப்பாக்கி வேலைக்காரரிடமே கொடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள், அப்புறம் வீட்டிலுள்ள தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மறுபடி ஒருமுறை பாருங்கள். மேசையில் வெள்ளைத் துணியோ பழைய போர்வையோ விரித்துக்கொண்டால் சின்னத் திருகாணி உருண்டு ஓடாது. சமையலறை மேசை வேண்டாம். செலினியம் உடம்புக்கு நஞ்சு, பழைய ரிவால்வருக்குள் ஈயத்தூளும் படிந்திருக்கும், சாப்பிடுகிற இடத்துக்கு இரண்டுமே ஆகாது. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது நல்லது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பதற்குத் துப்பாக்கி வேலைக்கென்றே விற்கிற, நுனி இணையாகச் செதுக்கிய ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், அழுத்தித் திருப்பினால் மேலே வழுக்கித் திருகாணியின் தலையைப் பிய்க்கும், கூடவே ஃப்ரேமில் ஒரு கீறலும் போடும். கைப்பிடிக் கட்டைகளைக் கழற்றுங்கள். அடுத்து, வலது பக்கத்தில் உள் இயந்திரத்தை மூடியிருக்கிற பக்கத் தகட்டில், ட்ரிக்கருக்கு மேலே முன்னால் இருக்கிற திருகாணி. அதை எடுத்தால் சிலிண்டரைத் திறந்து முன்பக்கமாக இழுத்து வெளியே எடுத்துவிடலாம். இந்தத் திருகாணி மற்றவற்றைப் போல இல்லை, சிலிண்டர் தாங்கியைப் பிடித்து வைப்பதே இதுதான், அதனால் எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே ஓட்டைக்குத் திரும்பும்படி ஒரு அட்டையில் குத்தி எழுதி வையுங்கள். அப்புறம் கைப்பிடியின் முன்பக்கக் கீழ்த் திருகாணியைத் தளர்த்தி ஹேமரை அடிக்கவைக்கிற மெயின் ஸ்பிரிங்கின் இழுவையைக் குறைத்துவிட்டு, பக்கத் தகட்டின் மற்றத் திருகாணிகளை எடுங்கள்.

பக்கத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது. ஃப்ரேமை ஒரு கையில் தகடு மேலே பார்க்கும்படி தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் டொக் டொக்கென்று தட்டுங்கள். முதல் சில தட்டில் ஒன்றும் நடக்காது. தொடர்ந்து தட்டும்போது, அதுவரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த மெல்லிய கோடு ஒரு பக்கமாக விரியும், தகடு மயிரிழை அளவு எழும்பி, பிறகு தானாகவே கையில் வந்துவிடும். இந்தப் பொருத்தத்தின் துல்லியத்தைப் பார்த்தாலே, அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்கள் மேல் மரியாதை வரும். நெம்பினால் அந்த விளிம்பு வளைந்துவிடும், வளைந்த விளிம்பை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. உள்ளே இருக்கிற பாகங்களைக் கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிக்கருக்குப் பின்னால் இருக்கிற ரீபவுண்ட் ஸ்லைடுக்குள் ஒரு வலுவான ஸ்பிரிங் உண்டு, விட்டால் பறந்துவிடும், கையை மேலே மூடிக்கொண்டு எடுங்கள். இதுவரை ஒரு ரிவால்வரைத் திறந்ததே இல்லை என்றால் உள்பாகங்களை மட்டும் ஒரு துப்பாக்கிக் கடைக்காரரிடம் கழற்றச் சொல்லி, வேலை முடிந்ததும் அவரிடமே பூட்டிக்கொள்வது நல்ல யோசனை. குழலை ஃப்ரேமிலிருந்து கழற்ற முயலாதீர்கள், அதற்குத் தனிப் பிடிப்பான்கள் வேண்டும், நிறம் ஏற்ற அது அவசியமும் இல்லை.

உள்பாகங்கள் வெளியே வந்ததும் பக்கத் தகட்டை மறுபடி ஃப்ரேமில் பூட்டிவிடுங்கள். இது ரொம்ப முக்கியம். தகட்டைத் தனியாகத் தேய்த்தால் அதன் ஓரங்கள் உருண்டு, பூட்டும்போது அந்தக் கோடு ஒரு பள்ளமாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரே பரப்பாகத் தேய்த்தால் கோடு இருந்த இடம் தெரியாது.

பழைய நிறத்தை எடுக்க வெள்ளை வினிகரே போதும். கடையில் இதற்கென்று பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்தும் கிடைக்கும். பேப்பர் டவலை வினிகரில் நனைத்து இரும்பின் மேல் ஒட்டி அரை மணி நேரம் விட்டால் நீலம் பழுப்பாகிக் கரைந்து வரும், துருவும் கூடவே வரும். முழுசாக முக்கி வைக்காதீர்கள். குழலின் இரு முனையையும் ரப்பர் அடைப்பானால் மூடிவிடுங்கள், உள்ளே தோட்டாவைச் சுழலவைக்கிற வரித்தடங்களில் அமிலம் நின்றால் குழி விழும். ஸ்பிரிங்குகளை வினிகர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அமிலத்தில் ஊறின ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் உடனே காயவைக்க வேண்டும். நிறம் போன வெறும் எஃகு அமிலத்திலிருந்து வெளியே வந்த சில நிமிடங்களிலேயே மஞ்சளாகப் பூக்க ஆரம்பிக்கும்.

இப்போது தேய்ப்பது. வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஒரு முழு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் 220, 320, 400 மூன்று நம்பரும் வேண்டும், விருப்பப்பட்டால் 600. நம்பர் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். துரு ஆழமாக இல்லையென்றால் 220 ஐத் தொடவே வேண்டாம், 320 இலிருந்து தொடங்குங்கள். தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் பள்ளத்தில் இறங்கும், விளிம்பில் உருளும், ஓட்டையைச் சுற்றிக் குழியாக்கும். தட்டையான இடத்துக்குத் தட்டையான மரக்கட்டை, வளைந்த இடத்துக்குக் கட்டி ரப்பர், சிலிண்டரின் பள்ளங்களுக்கு அதே வளைவுள்ள மரக்குச்சி என்று தாளுக்குப் பின்னால் ஏதாவது கடினமான ஒன்று இருக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டால் தாள் அடைக்காது.

திசை ஒன்றே ஒன்றுதான், துப்பாக்கியின் நீளவாக்கில். குழல் முனையிலிருந்து பின்பக்கம் வரை நீளமாக இழுங்கள், குறுக்கே போகாதீர்கள், வட்டமாகவும் தேய்க்காதீர்கள். 320 போட்ட கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் 400 எடுக்கும் வரை அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். சாய்ந்த வெளிச்சத்தில், விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும், மேலேயிருந்து விழுகிற டியூப்லைட் வெளிச்சத்தில் எதுவுமே தெரியாது. நிறம் ஏறினபிறகு குறைகள் மறையும் என்று நினைக்காதீர்கள். வெள்ளை இரும்பில் லேசாகத் தெரிந்த கீறல் கறுப்பு ஏறினதும் இன்னும் கூராகத் தெரியும்.

குழலின் பக்கத்தில் கம்பெனிப் பெயரும் தோட்டா அளவும் பொறித்திருப்பார்கள், ஃப்ரேமில் கம்பெனிச் சின்னம் இருக்கும். இவற்றைச் சுற்றி 400 இல் மட்டும், கட்டை வைத்து, நாலு இழுப்போடு நிறுத்துங்கள். எழுத்தின் ஓரம் கூராக இருப்பதுதான் ஒரு துப்பாக்கியை யாரோ கண்டபடி தேய்த்தார்களா, கவனமாகச் செய்தார்களா என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆழமான துருக்குழி நாலைந்து இருந்தால் இருக்கட்டும், அதை அடிவரை துரத்தினால் சுற்றி முழுக்கப் பள்ளமாகிவிடும். மோட்டாரில் சுழலும் பஃபிங் சக்கரத்தை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வந்துவிடும், அதே ஐந்து நிமிடத்தில் எழுத்துகள் கரைந்து, திருகாணி ஓட்டைகள் கிண்ணமாகி, விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும்.

தொடக்கூடாத இடங்கள் சில உண்டு. குழலின் வாய் விளிம்பு, சிலிண்டரின் முன்முகம், பின்னால் இருக்கிற பல்சக்கரம், சிலிண்டரைப் பூட்டுகிற வெட்டுகளின் ஓரம், சிலிண்டர் தாங்கியின் தண்டு, அப்புறம் ஃப்ரேமுக்குள் பாகங்கள் உரசுகிற எந்தப் பரப்பும். இவை நிறத்துக்கான இடமல்ல, இவற்றில் ஒரு மயிரிழை போனாலும் துப்பாக்கியின் பூட்டும் குறியும் கெடும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டால், என் கருத்து 400 இல் நிறுத்துங்கள். கண்ணாடிப் பளபளப்பில் கோல்ட் புளூ திட்டுத்திட்டாகப் பிடிப்பது அப்பட்டமாகத் தெரியும். 400 கொடுக்கிற மெல்லிய நீளவாட்ட இழையில் நிறம் சீராகப் பிடிக்கும், சின்னச் சின்ன வேறுபாட்டை அந்த இழையே விழுங்கிவிடும், வேலைக்காரத் துப்பாக்கிக்கு அந்தத் தோற்றம் பொருந்தவும் செய்யும்.

அடுத்தது எண்ணெய்ப்பிசுக்கு நீக்குவது. கோல்ட் புளூ கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கத் தகட்டை மறுபடி கழற்றுங்கள். தகட்டின் சந்து, திருகாணி ஓட்டை, குழல் ஃப்ரேமுக்குள் இறங்குகிற விளிம்பு எல்லாவற்றிலும் பல வருட எண்ணெய் ஒளிந்திருக்கும். நீங்கள் மேலே துடைத்துவிட்டு மருந்து தடவும்போது அது கசிந்து வெளியே வரும், வந்த இடத்தில் நிறம் பிடிக்காது. அசிட்டோனில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, ஹேர் டிரையரைத் தூரப் பிடித்து லேசாகச் சூடாக்கினால் ஒளிந்த எண்ணெய் மினுமினுவென்று மேலே வரும், ஆறினதும் மறுபடி அசிட்டோன். அசிட்டோன் ஈரம் முழுக்கப் பறந்த பிறகுதான் டிரையரை எடுக்க வேண்டும், அதன் ஆவி தீப்பிடிக்கும். பிரேக் கிளீனர் ஸ்பிரேயிலும் சிலர் கழுவுவார்கள். அதில் குளோரின் கலந்த வகையை வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நச்சுவாயு உண்டாகும், அதனால் அது வேண்டவே வேண்டாம். முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றுங்கள். எண்ணெய் இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும், இல்லாவிட்டால் ஒரே படலமாக விரிந்து வழியும். முழு ஃப்ரேமிலும் அப்படி விரிகிற வரை விடாதீர்கள். இந்த நிமிடத்திலிருந்து வெறுங்கை படக்கூடாது, ஒரு விரல்ரேகைகூட நிறத்தில் அப்படியே பதியும். பூச்சுகளுக்கு நடுவில் துடைக்கப் பயன்படுகிற ஸ்டீல் வுல் என்ற இரும்பு இழைப் பஞ்சையும் கழுவ மறக்காதீர்கள், துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் போட்டுத்தான் விற்கிறார்கள். நான்கு பூஜ்யம் போட்ட மிக மெல்லிய ரகத்தை வாங்கி, அசிட்டோனில் பிழிந்து காயவைத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு வருவோம். பர்ச்வுட் கேசியின் பெர்மா புளூ, அதே கம்பெனியின் சூப்பர் புளூ, பிரௌனெல்ஸின் ஆக்ஸ்ஃபோ புளூ, ஜி96 கிரீம் என்று பலவகை உண்டு. சூப்பர் புளூ கொஞ்சம் வீரியம் அதிகம், நிக்கல், குரோமியம் கலந்த கடின எஃகுக்காக. ஒரு முழு ரிவால்வருக்கு நான் கிரீம் வகையைத்தான் சொல்வேன், வழிந்து ஓடாது, எங்கே தடவினோம் என்பது தெரியும். எதை வாங்கினாலும் முழு வேலையும் ஒரே பாட்டிலில் முடியட்டும், ஃப்ரேமுக்கு ஒன்று சிலிண்டருக்கு ஒன்று என்று கலந்தால் இரண்டு நிறமாகத் தெரியும். பாட்டிலில் எழுதியிருப்பதையும் படியுங்கள், சிலவற்றைத் தண்ணீரில் அலசச் சொல்வார்கள், சிலவற்றைத் துடைத்தெடுக்கச் சொல்வார்கள். பாட்டிலுக்குள் பஞ்சை முக்காதீர்கள், தேவையான அளவை ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள், மிஞ்சினதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

இரும்பைக் கையில் இதமாகத் தெரிகிற அளவுக்கு ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். நிறம் வேகமாகவும் ஆழமாகவும் பிடிக்கும். பஞ்சில் மருந்தை நன்றாக நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் ஈரவிளிம்பு காயாமல் தடவுங்கள். தொட்ட உடனே வெள்ளை இரும்பு மங்கும், சாம்பலாகும், ஓரங்களில் ஊதாவும் பழுப்பும் ஓடும், எண்ணிப் பத்து இருபதுக்குள் கரிய நீலம் இறங்கி நிற்கும். ஒரு புளித்த நாற்றம் வரும், வரட்டும், குனிந்து முகர மட்டும் வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசி, காயவைத்து, ஸ்டீல் வுல்லால் லேசாக, மிக லேசாக, நீளவாக்கில் துடைத்தால் மேலே ஒட்டாமல் நின்ற கறுப்புத்தூள் போய்விடும். கீழே கிடைக்கிற நிறம் மெல்லியதாக, கொஞ்சம் திட்டாக இருக்கும். முதல் பூச்சு அப்படித்தான் இருக்கும், மனம் தளராதீர்கள். மறுபடி அசிட்டோன், மறுபடி சூடு, மறுபடி மருந்து. நாலிலிருந்து ஆறு முறைக்குள் நிறம் நிலைக்கும், அதற்குமேல் போட்டாலும் ஆழம் கூடுவதில்லை.

இடையில் செம்பு நிறம் மினுங்கினால் மருந்து நிறைய நேரம் நின்றுவிட்டது, அல்லது மருந்து ஈரமாக இருக்கும்போதே அழுத்தித் தேய்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஸ்டீல் வுல்லால் எடுத்துவிட்டு மெல்லிய பூச்சாகத் தொடருங்கள். ஒரு இடம் மட்டும் வெளுப்பாகவே இருந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மருந்தைக் கூட்டிப் பயனில்லை, பிசுக்கை எடுங்கள். திருத்தவே முடியாத திட்டு என்றால் அந்த ஒரு முகத்தை மட்டும் 400 தாளால் வெள்ளையாக்கி மறுபடி தொடங்கலாம், முழுசையும் எடுக்க வேண்டியதில்லை. சிலிண்டரைக் குச்சியில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே தடவினால் சீராக வரும். அறைகளுக்குள்ளும் குழலுக்குள்ளும் மருந்து போகாமல் இருக்க அடைப்பான்கள் கடைசிவரை அப்படியே இருக்கட்டும்.

நிறம் திருப்தியானதும் அமிலத்தை முழுசாகக் கொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் எண்ணெய் தடவி எடுத்துவைத்தால் ஒரு வாரத்தில் திருகாணி ஓட்டையிலிருந்தும் தகட்டுச் சந்திலிருந்தும் செந்துரு எட்டிப்பார்க்கும். சமையல் சோடாத் தண்ணீரால் கழுவுங்கள், ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள், டிரையரால் சந்துகள் வரை காயவையுங்கள், தண்ணீரை விரட்டுகிற எண்ணெயைத் தாராளமாகத் தெளியுங்கள். துடைக்காமல் ஒரு இரவு முழுக்க எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் முந்தின நாளைவிட நிறம் இன்னும் கொஞ்சம் கறுத்து, தூசுத்தன்மை போய் அமைதியாகியிருக்கும். மெல்லிய துணியால் துடைத்துப் புது எண்ணெய் போடுங்கள். முதல் வாரம் தினமும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், பழுப்பு தட்டினால் எண்ணெயில் நனைத்த துணியே அதை எடுத்துவிடும்.

பூட்டும்போது பக்கத் தகட்டை விரலால் அழுத்தியே உட்காரவையுங்கள், திருகாணியால் இழுத்து உட்காரவைக்காதீர்கள். மெயின் ஸ்பிரிங் திருகாணியை முழுசாக இறுக்குங்கள், பாதியில் விட்டால் ஹேமர் பலமில்லாமல் விழும். அடைப்பான்களை எடுத்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, காலித் துப்பாக்கியில் வெடிமருந்தே இல்லாத போலிப் பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டி, மெதுவாகவும் வேகமாகவும் ட்ரிக்கரை இழுத்து, ஆறு அறையிலும் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஆடாமல் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றில் தடங்கல் இருந்தால் சுடப் போகாதீர்கள், கடைக்காரரிடம் காட்டுங்கள்.

பராமரிப்பில் மெழுகு நல்ல துணை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் மாதிரியான நுண்படிக மெழுகை விரல்நுனியில் தொட்டுத் தடவி மெருகேற்றினால் கைவியர்வை நேரடியாக நிறத்தைத் தொடாது. தோலுறைக்குள் போட்டே அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிச்சமிருக்கும், இரண்டும் சேர்ந்தால் துருதான். குழல் முனையில் மறுபடி வெள்ளை தெரிகிற நாள் வரும்போது அந்த இடத்தை மட்டும் பிசுக்கெடுத்து, சூடாக்கி, இரண்டு பூச்சுக் கொடுத்து எண்ணெய் போட்டால் அரை மணி நேர வேலை.

கிண்ணத்தில் மிஞ்சின மருந்து, நனைந்த பஞ்சு, முதல் அலசல் தண்ணீர் எதையும் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள், செலினியம் நீரில் போனால் மீனுக்கும் பறவைக்கும் கேடு. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, உங்கள் ஊர் நிர்வாகம் வீட்டு ரசாயனக் கழிவு வாங்குகிற நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். அசிட்டோன் நனைந்த துணியைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், மருந்துப் பாட்டிலைத் துப்பாக்கிகள் இருக்கிற அதே பெட்டியில் வைக்காமல் வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். அதன் ஆவியே பக்கத்தில் இருக்கிற இரும்பைத் துருவேற்றும்.